துவிச்சக்கர வண்டிப் பந்தயம் ஒரு தொழிலாமா?

உலகிலே பிழைப்புக்குரிய தொழில்கள் பலவாம். நிலத்தைத் திருத்துவார் சிலர். தறியில் அமர்வார் சிலர். நீதிமன்றத்திலே வாதிப்பார் சிலர். பிணியாளர் கட்டிலருகே நின்று நோய் தீர்ப்பார் சிலர். இவையெல்லாம் தொழில்கள் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், ஒருவன் இரண்டு சக்கரங்களின்மேல் அமர்ந்து, மலையும் சமவெளியும் கடந்து, நாளொன்றுக்கு நூறு கல் தொலைவு மிதித்துச் செல்வதையே தன் வாழ்நாட் பணியாகக் கொண்டால், அதனை நாம் தொழில் என்று ஒப்புவோமா? "அது விளையாட்டு" என்பார் பலர். "அது வீண் பொழுதுபோக்கு" என்பார் பெரியோர். "அதனாற் சோறு கிடைக்குமோ?" என்பார் தாய்மார். இம் மூன்று விடைகளையும் ஆராய்ந்து, எமக்குத் தோன்றியதைக் கூறுவதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்குச் சைக்கிள் பந்தயத்தோடு யாது தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். அதற்கு விடை ஒரு சிறு நிகழ்ச்சியிலே அடங்கியுள்ளது.

எமக்கு ஒரு நண்பர் உளர். அவர் நம் கலாசாலையிலே வணிகவியல் பயில்பவர்; மந்தைவெளியிலே தையற்கடை வைத்திருக்கும் ஒருவரின் மூத்த புதல்வர். பெயரைக் கூறின் நாணுவார். ஆதலின் நண்பர் என்றே சுட்டுவாம். விடியற்காலை நான்கு மணிக்கு அவர் எழுவார். மயிலைத் தெப்பக்குளம் இருளில் உறங்கும் அவ்வேளையிலே, பழைய பந்தய வண்டியொன்றைத் தோளிற் சுமந்து மாடிப்படி இறங்குவார். அடையாற்றுப் பாலம் கடந்து, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையிற் புகுந்து, கோவளம் வரை சென்று மீள்வார். ஏழு மணிக்கு வீடு. ஒன்பது மணிக்கு வகுப்பு. மாலையில் தியாகராய நகரிலே, ஓட்டல்களிலிருந்து உணவுப் பொதிகளை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் வேலை. அவ் வேலையும் சைக்கிளின்மேலே தான். அதிற் கிடைக்கும் கூலியைக் கொண்டு அவர் தம் பந்தய வண்டிக்கு டயர் வாங்குகின்றார்.

ஒரு நாள் உணவு விடுதியிலே அவரைச் சூழ்ந்திருந்தோர் நகையாடினர். "இவ்வளவு மிதித்து என்ன காணப் போகின்றீர்? தபாற்காரர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டிருக்கின்றீரோ?" என்றார் ஒருவர். யாவரும் நகைத்தனர். யாமும் நகைத்தோம், அதனை ஈண்டு மறைத்தல் முறையன்று. நண்பர் விடையொன்றும் கூறாது தம் தட்டைக் கழுவிவைத்துச் சென்றார்.

அதே வாரத்தில் யாம் ஊருக்குச் சென்றிருந்தபோது, உறவினர் ஒருவர் எம்மை நோக்கி, "தமிழ் ஆனர்ஸ் படித்து என்ன செய்யப் போகிறாய், தம்பி?" என்றார். திண்ணையில் இருந்தோர் அனைவரும் நகைத்தனர். அந் நகைப்பைக் கேட்டபோதுதான் உணவு விடுதியில் யாம் நகைத்த நகைப்பு எத்தன்மைத்து என்பது எமக்கு விளங்கிற்று. இரண்டு வினாவும் ஒரே வினா. அன்று முதல் நண்பரின் தொழிலைக் குறித்து அறியலாயினோம். அறிந்தவற்றையும், அவற்றிலிருந்து யாம் கொண்ட கருத்தையும் கூறுவாம்.

முதலாவது, இத் தொழில் நேற்றுப் பிறந்ததன்று. 1817-ஆம் ஆண்டிலே ஜெர்மனி தேசத்து மான்ஹைம் நகரில் கார்ல் டிரெய்ஸ் என்பார் காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். 1869-இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நெடுஞ்சாலைப் பந்தயம் நிகழ்ந்தது. ஆங்கிலேயராகிய ஜேம்ஸ் மூர் அதில் வென்றார். 1885-இல் ஸ்டார்லி என்பார் சமமான இரு சக்கரமும் சங்கிலியும் உடைய ரோவர் வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர் டயரை அமைத்தார். நம் தெருக்களிலே இன்று ஓடும் வண்டிக்கு அன்றே உருவம் அமைந்துவிட்டது. 1903-இல் லோட்டோ என்னும் பிரெஞ்சுப் பத்திரிகையின் ஆசிரியரான ஹென்றி தெக்ரான்ஷ், தம் பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டுப் பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் பந்தயத்தைத் தொடங்கினார். அதுவே தூர் தெ பிரான்ஸ் எனப்படுவது. முதற் பந்தயத்தின் தொலைவு 2,428 கிலோமீட்டர், பகுதிகள் ஆறு. புறப்பட்டோர் அறுபதின்மர், முடித்தோர் இருபத்தொருவர். வென்ற மோரிஸ் கரான் என்பார் இளமையிலே புகைபோக்கிகளைத் துடைத்துப் பிழைத்தவர். இன்று அப் பந்தயம் இருபத்தொரு நாள் ஓட்டமாக, ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர் நீள்கின்றது.

இரண்டாவதாக அறிய வேண்டுவது, இத் தொழிலின் உள்ளியல்பு. பார்ப்போர்க்கு இது தனி மனிதனின் ஓட்டமாகத் தோன்றும். உண்மை அஃதன்று. இது கூட்டத்தொழில். பெரும் பந்தயங்களில் ஒரு குழுவுக்கு எண்மர் ஓடுகின்றனர். அவ் வெண்மரில் வெற்றிக்கு உரியவர் ஒருவர் அல்லது இருவரே. ஏனையோர் அவருக்காக உழைப்பவர். காரணம் காற்று. முன்னே செல்பவன் காற்றைப் பிளக்கின்றான்; பின்னே அணுக்கமாகச் செல்பவனுக்கு உழைப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகின்றது. ஆதலின் தலைவனை மறைவிலே வைத்து, ஒருவர் பின் ஒருவராகக் காற்றைத் தாங்கிச் செல்லுதல் மற்றவர் கடமை. தலைவனுக்குத் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வருதல், அவன் வண்டி பழுதுற்றால் தம் சக்கரத்தைக் கழற்றித் தருதல், அவன் பின்தங்கின் தாமும் பின்தங்கி அவனை இழுத்து வருதல் ஆகிய யாவும் அவர் வேலை. இவரைப் பிரெஞ்சு மொழியில் தொமெஸ்தீக் என்பர். வீட்டு ஊழியர் என்பது பொருள். இவர் பந்தயத்தில் நூறாவது இடம் பெறலாம். நூற்றிருபதாவது இடமும் பெறலாம். ஆயினும் அன்றைய வேலையைச் செவ்வனே செய்தவராகவே குழுவினர் அவரை மதிக்கின்றனர்.

இவருக்கு ஊதியம் உண்டோ எனின், உண்டு. உலகச் சைக்கிள் சங்கத்தார் தொழிற் குழுக்களை மூன்று நிலையாக வகுத்துள்ளனர். மேலிரு நிலைகளில் உள்ள குழுக்கள் ஒவ்வோர் ஓட்டக்காரருக்கும் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் தந்தே தீரவேண்டும் என்பது விதி. மூன்றாம் நிலைக் குழுக்களுக்கு அவ் விதி இல்லை. அங்கே சிலர் ஊதியமின்றியும் ஓடுகின்றனர். மற்றொரு வழக்கமும் குறிக்கத்தக்கது. தூர் தெ பிரான்ஸ் வென்றவருக்கு ஐந்து லட்சம் யூரோ பரிசுண்டு. அப் பரிசை அவர் தாமே வைத்துக்கொள்வதில்லை. தம்மோடு ஓடியவர்க்கும் உதவியவர்க்கும் பகிர்ந்தளிப்பது மரபு.

இத் தொழிலின் மேன்மையை வென்றவர் சரித்திரத்தைக் காட்டிலும் வெல்லாதவர் சரித்திரமே எமக்கு நன்கு விளக்கிற்று. அவருள் இருவரை மட்டும் கூறுவாம்.

ஒருவர் யூஜீன் கிறிஸ்தோப். 1913-ஆம் ஆண்டுப் பந்தயத்திலே வெற்றி பெறும் நிலையில் இருந்தவர். பிரெனீஸ் மலையிலே தூர்மலே என்னும் கணவாயிலிருந்து இறங்குகையில் அவர் வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவி பெறலாகாது என்பது அக்காலத்து விதி. அவர் வண்டியைத் தோளிற் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றை அடைந்தார். அங்கே கொல்லன் பட்டறை ஒன்று இருந்தது. கொல்லனைத் தொடவிடாது, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து முன்கவையைச் செப்பனிட்டார். பந்தய அதிகாரிகள் அருகே நின்று பார்த்தனர். மணிக்கணக்கில் நேரம் கழிந்தது. அவ் வேலையின்போது சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதினான் என்பதற்காக அவருக்குத் தண்டனையும் விதித்தனர். அவர் மீண்டும் வண்டியேறி ஓடினார், பாரிஸையும் அடைந்தார், ஏழாம் இடம் பெற்றார். 1919-இல் பந்தய முதல்வர் அணியும் மஞ்சட் சட்டையை முதன்முதல் அணிந்தவரும் அவரே. அவ்வாண்டிலும் முன்கவை முறிந்தது, வெற்றி கைநழுவிற்று. அவர் ஒருகாலும் அப் பந்தயத்தை வென்றாரல்லர்.

மற்றவர் ரெனே வியெத்தோ. 1934-இல் அவருக்கு வயது இருபது. மலையேற்றத்தில் அவருக்கு நிகரானவர் அவ்வாண்டு இல்லை. அவர்தம் குழுத்தலைவர் அந்தோனின் மான்யு. மலைச்சரிவொன்றிலே தலைவரின் சக்கரம் உடைந்தது. வியெத்தோ தம் சக்கரத்தைக் கழற்றித் தந்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரத்துச் சுவரின்மேல் அமர்ந்து கண்ணீர் விட்டார். மறுநாள் தலைவர் வண்டி மீண்டும் பழுதுற்றது. முன்னே சென்றுவிட்ட வியெத்தோ, செய்தி அறிந்து, இறங்கிய மலையிலே திரும்பி ஏறி, தம் வண்டியையே கொடுத்தார். மான்யு அப் பந்தயத்தை வென்றார். வியெத்தோ ஐந்தாமவர் ஆனார். அவரும் பின்னர் ஒருகாலும் வென்றாரல்லர். ஆயினும் பிரான்சு தேசத்தார் இன்றளவும் அவர் பெயரை மறந்திலர்.

இவற்றிலிருந்து யாம் கொள்ளும் கருத்து இதுவே. ஒரு விளையாட்டு எப்போது தொழிலாகின்றது? வெல்பவனுக்குப் பெரும் பரிசு கிடைக்கும்போது அன்று. வெல்லாதவனுக்கும் மாத ஊதியம் கிடைக்கும்போதே அது தொழிலாகின்றது. பரிசு என்பது முடிவிலே வருவது. ஊதியம் என்பது நாள்தோறும் வருவது. பரிசை நம்பி ஒருவன் பத்தாண்டு உழைத்தல் அரிது. ஊதியம் உண்டெனின் நூற்றுவர் உழைப்பர். அந் நூற்றுவர் உழைப்பினின்றே ஒருவன் வெல்லுகின்றான். நம் நாட்டிற்குக் குறை யாதெனில், வீரர் இல்லாமையன்று. நூறாவது இடத்தில் வருவோனுக்குச் சோறு இல்லாமையே.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். தமிழர்க்கும் சைக்கிளுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கில நாட்டுக் கம்பெனியொன்றோடு கூடித் தொடங்கிய சைக்கிள் தொழில், அம்பத்தூரைத் தேசமெங்கும் அறிமுகமாக்கிற்று. 1991-ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலாராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பிக்கச் செய்தார். வயலிலும் கல்லுடைக்குமிடத்திலும் உழைத்த பெண்மக்கள் ஆயிரமாயிரமாக வண்டியேறினர். பின்னர்த் தமிழ்நாட்டரசினர் மேல்வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கி வருகின்றனர். ஆகவே நம்மிடம் வண்டிக்குப் பஞ்சமில்லை; மிதிக்கும் காலுக்கும் பஞ்சமில்லை.

பந்தயத்திலோ நிலை வேறு. 1948-இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக் விழாவிலே இந்தியச் சைக்கிள் வீரர் பங்கு கொண்டனர். 2024-இல் பாரிஸில் நடந்த விழாவிலோ இந்தியச் சைக்கிள் வீரர் ஒருவரேனும் இல்லை. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலே நம்மால் இயன்றது, எழுபத்தாறு ஆண்டு கழிந்தபின் இயலவில்லை. இஃது ஏன் என்பதை ஒவ்வொரு கலாசாலை மாணவனும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து நெடுஞ்சாலைப் பந்தயத்தையே வாழ்க்கையாகக் கொள்ள முயன்றோருள் குறிப்பிடத்தக்கவர் நவீன் ஜான். அவர் அமெரிக்க நாட்டுப் பர்ட்யூ பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயின்றவர். சிறுவயதில் ஓட்டப்பயிற்சி பெற்றவரல்லர். கலாசாலை மாணவராயிருந்தபோதே சைக்கிள் பந்தயத்தில் ஈடுபட்டார் என்பது நம் போன்றோர் மனங்கொள்ளத்தக்கது. இந்தியாவுக்கு மீண்டு, தனி நேர ஓட்டத்திலே பலமுறை தேசிய வீரரானார். தனி நேர ஓட்டமாவது, ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரம் ஒன்றையே எதிரியாகக் கொண்டு ஓடுவது. 1000 பேர் புகழ்ந்த பின்னும் தேசிய வீரர் என்னும் பெயர் உலகப் பந்தயத்திற்குப் போதாது என்பதை உணர்ந்த அவர், சைக்கிள் பந்தயத்தின் தாயகமாகிய பெல்ஜியம் நாட்டுக்குச் சென்று, அங்குள்ள சிற்றூர்ப் பந்தயங்களிலே ஓடிக் கற்றார். அந் நாட்டிலே கோடைக்காலத்தில் ஊர்தோறும் திருவிழாவை ஒட்டி இத்தகைய பந்தயம் நிகழும். ஊர்த் தெருக்களையே பலமுறை சுற்றி வருவர். 2016-இல் கத்தார் நாட்டுத் தோஹா நகரிலே நடந்த உலக நெடுஞ்சாலைப் பந்தயத்தில் அவரும் உத்தரப் பிரதேசத்து அரவிந்த் பன்வாரும் தனி நேர ஓட்டத்தில் இந்தியாவின் சார்பாக ஓடினர். அவர்கள் வென்றார்களல்லர், முன்வரிசையிலும் வந்தார்களல்லர். ஆயினும் மூடியிருந்த கதவொன்றை அவர்கள் தட்டினார்கள்.

நவீன் ஜான் அவர்களின் முயற்சியைப் போற்றும் நாம் ஒன்றையும் சிந்தித்தல் வேண்டும். அயல்நாட்டிற் கல்வியும், கைவசம் ஒரு பொறியியற் பட்டமும் உடையார்க்கே இத் துணிவு எளிதில் இயலுமெனின், மந்தைவெளித் தையற்காரர் மகன் யாது செய்வான்? இந்தியாவில் சைக்கிள் வீரர்க்கு வழக்கமாக உள்ள பிழைப்பு, ரயில்வேயிலோ இராணுவத்திலோ ஓர் உத்தியோகம் பெற்று, அந் நிழலில் நின்று ஓடுவதே. அவ் விரு ஸ்தாபனங்களும் செய்துவரும் உதவி பெரிது; அவையின்றேல் நம் வீரர் பலர் ஓட்டத்தையே கைவிட்டிருப்பர். ஆயின் அவ் வேலையும் பெரும்பாலும் பதக்கம் பெற்றபின் வருவது. பதக்கம் பெறுவதற்கு முன் உள்ள ஐந்தாறு ஆண்டுகள் பாலைவனம். அப் பாலைவனத்திலேதான் எம் நண்பர் இன்று வண்டி மிதித்துக்கொண்டிருக்கின்றார்.

"ஏழை நாட்டார்க்கு இஃது இயலாது, ஐரோப்பியர்க்கே உரியது" என்று கூறுவாரும் உளர். அவர்க்கு எரித்திரியா தேசத்தைச் சுட்டிக் காட்டுவோம். செங்கடற் கரையிலுள்ள சிறு நாடு அது; நம்மைப் போலவே அயலார் ஆட்சியில் இருந்தது. இத்தாலியர் கொண்டுவந்த சைக்கிள் பந்தயத்தை அந் நாட்டு மக்கள் தமதாக்கிக் கொண்டனர். 1946-இலேயே அங்கு நாட்டைச் சுற்றும் பந்தயம் தொடங்கிற்று. இன்று ஞாயிறுதோறும் பந்தயம் காண மக்கள் தெருவிற் கூடுகின்றனர். அந் நாட்டு அஸ்மாரா நகரில் 2000-இல் பிறந்தவர் பினியம் கிர்மாய். அவரை உலகச் சைக்கிள் சங்கத்தார் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள தம் பயிற்சி நிலையத்திற் சேர்த்துக் கற்பித்தனர். இருபது வயதளவில் ஊதியம் பெறும் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. 2022-இல் பெல்ஜியத்து கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தை வென்றார். 2024-ஆம் ஆண்டுத் தூர் தெ பிரான்ஸிலே மூன்று நாள் ஓட்டங்களை வென்று, விரைவோட்ட வீரர்க்குரிய பச்சைச் சட்டையையும் பெற்றார். ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவருள் இவற்றைச் செய்த முதல்வர் அவரே. அவர் கால்கள் எரித்திரியாவில் உண்டாயின. அக் கால்களுக்கு உணவிட்டது மாத ஊதியம். ஊதியம் வெற்றியின் பின் வந்திலது, முன்னர் வந்தது. இதனைக் கூர்ந்து நோக்குக.

நிற்க. இத் தொழிலுக்கு எதிராகக் கூறப்படும் தடைகளையும் மறைத்தல் நேர்மையன்று. அவை மூன்று.

முதலாவது உயிராபத்து. 2023-இல் ஸ்விட்ஸர்லாந்துப் பந்தயத்தில் மலைச்சரிவில் விழுந்து கீனோ மேடர் என்னும் இருபத்தாறு வயது வீரர் உயிர் நீத்தார். தொழில் நடக்கும் நாட்டிலேயே இவ்வாறாயின், நம் சாலைகளின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. சென்ற மழைக்காலத்திலே எம் நண்பர் நீர் நிறைந்த பள்ளம் ஒன்றில் விழுந்து காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டோடிருந்தார். இஃது உண்மையான தடை. ஆயின் சாலையின் குற்றத்தைச் சைக்கிளின்மேல் ஏற்றுதல் தகுமோ? அதே பள்ளத்தில் பால்காரரும் விழக்கூடும்; பள்ளிச் சிறுமியும் விழக்கூடும்.

இரண்டாவது ஒழுக்கக் கேடு. ஊக்க மருந்தால் இத் தொழில் பலகாலும் மாசுற்றுள்ளது. 1967-இல் வாந்து மலையேற்றத்தில் டாம் சிம்சன் என்னும் ஆங்கில வீரர் சுருண்டு விழுந்து இறந்தார். வெயிலோடும் மதுவோடும் ஊக்க மருந்தும் அவர் உடலில் இருந்தது. ஏழு முறை தூர் தெ பிரான்ஸ் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் அனைத்தும் 2012-இல் பறிக்கப்பட்டன. இதனை யாம் சிறிதும் நியாயப்படுத்தோம். எனினும் இதுவும் எம் கருத்தையே வலியுறுத்துகின்றது. வென்றால்தான் வாழ்வு என்னும் நிலை ஒருவனை எதனையும் செய்யத் தூண்டும். வெல்லாமலும் மானத்தோடு வாழலாம் எனின், அத் தூண்டுதலின் வலிமை குன்றும்.

மூன்றாவது பொருட்செலவும் குறுகிய காலமும். பெரும் பந்தயத்திற்குரிய வண்டியின் விலை பல லட்சம் ரூபாய். முப்பத்தைந்து வயதளவில் பெரும்பாலோர் ஓட்டத்தினின்றும் ஓய்வு பெறுகின்றனர். "அதன்பின் என்ன?" என்பது தந்தையரின் வினா. அவ் வினா மிக நியாயமானது. தையற்கடை வைத்திருக்கும் அப் பெரியவரை யாம் ஒருமுறை கண்டு பேசினோம். அவர் மகனைத் தடுப்பவரல்லர். "நான் ஓட்டவேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. அவன் விழுந்தால் பிடிக்க என்னிடம் என்ன இருக்கிறது, அதைத்தான் நினைக்கிறேன்" என்றார். இச் சொல்லுக்கு எம்மிடம் விடையில்லை. இதற்கு விடை கூறவேண்டியவர் மகனும் அல்லர், தந்தையும் அல்லர். நாடும், நாட்டின் ஸ்தாபனங்களும், நம் போன்ற கலாசாலைகளுமே ஆவர்.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று.

ஒன்று, நம் கலாசாலை பற்றியது. ஹாக்கியும் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடுவார்க்கு வருகைப் பதிவில் சலுகையும் கட்டணக் குறைப்பும் உண்டு. சைக்கிள் ஓட்டுவார்க்கு அவை இல்லை. காரணம், அவ் விளையாட்டுப் பட்டியலில் இல்லாமையே. பட்டியல் மனிதர் எழுதியது, மனிதரே திருத்தலாம். மாவட்ட, மாகாணப் பந்தயங்களில் ஓடும் மாணவர் ஒருவரேனும் இருப்பின், அவரையும் அச் சலுகைக்கு உரியவராக்குதல் வேண்டும். வென்றாரா என்று கேளாது, ஒழுங்காகப் பயின்றாரா என்று கேட்டல் வேண்டும்.

இரண்டு, பழைய மாணவர்களாகிய பெரியோரை நோக்கியது. ஆண்டு விழாவிலே வெற்றிக் கோப்பைகளுக்கு நன்கொடை அளிக்கின்றீர்கள், அது நன்று. ஆயின் கோப்பை ஒருவனுக்கே உரியது. அவனுக்கும் அதனாற் பசி தீராது. அந் நன்கொடையில் ஒரு பகுதியைப் பயிற்சி பெறும் மாணவனுக்கு மாதந்தோறும் சிறு உதவித்தொகையாக மாற்றுங்கள். மாலைதோறும் உணவுப் பொதி சுமக்கும் நேரத்தில் அவன் உறங்கவும் படிக்கவும் கூடும். பெரிய குழுவும் பெரிய கம்பெனியும் வரும்வரை காத்திராது, ஒரு மாணவனிடத்திலே இதனைத் தொடங்கலாம்.

மூன்று, நகரத்தாரை நோக்கியது. தியாகராய நகரின் பாண்டி பஜாரிலே நடப்பவர்க்கென அகன்ற நடைபாதை அமைத்தபோது, "இஃது இயலாது" என்றவர் பலர். இன்று அங்கே உலாவாதவர் இலர். அதுபோலவே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு மணி நேரம், கடற்கரைச் சாலையின் ஒரு பகுதியை மோட்டார் வண்டிகளுக்கு அடைத்து, சைக்கிள் பயில்வார்க்கு விடுதல் கூடாததன்று. சிறுவரும் சிறுமியரும் அங்கே ஓட்டக் கற்பர். நூறு பேர் ஓட்டக் கற்கும் இடத்திலேதான் ஒருவன் விரையக் கற்பான்.

முடிவாக ஒரு செய்தி. சென்ற ஆண்டுப் பந்தயம் ஒன்றிலே எம் நண்பர் ஓடினார். யாம் காணச் சென்றிருந்தோம். முடிவுக் கோட்டிலே அவர் குழுவைச் சேர்ந்த வேறொருவர் முதலில் வந்தார். மாலையும் பதக்கமும் பெற்றார். எம் நண்பர் முப்பத்தொன்றாவதாக வந்தார். "என்ன, இவ்வளவு பின்தங்கிவிட்டீரே!" என்று யாம் வருந்தினோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "காற்று எதிர்த்து வீசிற்று. நாற்பது கிலோமீட்டர் நான்தான் முன்னே சென்றேன். அவன் என் பின்னாலேயே வந்தான். இனி முடியாது என்றபோது விலகி வழிவிட்டேன்" என்றார். அவர் முகத்திலே வருத்தம் இல்லை. கடன் முடித்தவன் முகத்தில் காணும் அமைதியே இருந்தது. வென்றவர் தம் பரிசுத் தொகையில் அவருக்குப் பாதியைத் தந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அது முந்நூறு ரூபாய்.

பரிசைப் பாதியாகப் பகிரும் அறம் அவ் வாலிபரிடம் உள்ளது. காற்றைத் தாங்கும் உரமும் உள்ளது. இல்லாதது அம் முந்நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒன்றே. அதனைத் தருவது நம் கடன். நண்பர் உலகப் புகழ் பெறுவாரோ, பெறாரோ, யாம் அறியோம். அவர் ஓடுவது தொழிலே என்பதை மட்டும் அறிவோம். இனி அவர் விடியற்காலையில் வண்டியோடு படி இறங்கும்போது, "எங்கே?" என்று எவரேனும் வினவின், "வேலைக்குச் செல்கின்றார்" என்று யாம் விடை கூறுவோம். உணவு விடுதியில் நகைத்ததற்கு அதுவே யாம் செய்யும் கழுவாய்.